ஒரு தெருவின் சாவிகள்

1

"…அடுப்புல தண்ணி ஊத்தின கையாக்கும் அது. இனி அந்தக் கை எனக்க வீட்டுக் கதவைத் திறக்கண்டாம், செல்வி. சாவியை இங்க தரச் சொல்லு."

எங்கள் வீட்டுச் சொந்தக்காரி ராதாமணி சேச்சி இதைச் சொன்னது, ஆற்றுக்கால் பொங்காலை முடிந்த மூன்றாம் நாள் காலையில், மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு. சத்தம் போடவில்லை. சேச்சி சத்தம் போட்டால் பயமே கிடையாது. அரை மணியில் ஒரு கிண்ணம் மீன்கறியோடு வந்துவிடுவாள். தணிந்த குரலில் பேசினால்தான் ஆபத்து. அன்றைக்குக் குரல் தணிந்திருந்தது.

எதிரே மாடி வீட்டு இத்ரீஸ், கையில் வாடகை ஒப்பந்தத்தோடு. அவனுக்குப் பின்னால் இரண்டு படி மேலே அவன் மனைவி சல்வா. நடுவில் நான், துவைத்த துணி வாளியோடு. சேச்சி கையெழுத்துப் போட்டால் அவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு விலாசம் உண்டு. விலாசம் இருந்தால் இங்கே தங்க அனுமதி நீளும். போடாவிட்டால் இந்த மாதக் கடைசியில் இரண்டுமே இல்லை.

சங்கரன்கோவிலில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்க வீட்டுக்காரருக்குச் சாலை என்கிற கடைத்தெருவில் பாத்திரக் கடை. குடியிருப்பு கழக்கூட்டத்தில், சேச்சி வீட்டுக் கீழ்ப்பகுதியில். இங்கே வந்த புதிதில் "பாண்டிக்காரங்களா?" என்று, தமிழ்நாட்டுக்காரர்களை இங்கே சொல்கிற பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு, வீடு இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. சேச்சி ஒருத்திதான், "கருவாடு வறுக்கும்போ ஜன்னலை அடைச்சுக்கோ, வேற ஒண்ணும் எனக்கு அறியண்டாம்" என்று சாவியைத் தந்தாள். அப்படிப்பட்டவள் இப்போது சாவியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் அந்தப் படியடியை விட்டு நகர முடியாது.

2

இத்ரீஸ் சூடான்காரன். காரியவட்டத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. மெஸ்ஸில் சாப்பிட்டுச் சாப்பிட்டு மலையாளம் பழகியவன். "மதி, மதி" என்று சோற்றைத் தடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். நான் ஊருக்கு வந்து 'போதும்' என்பதற்கு அதே 'மதி'யைச் சொன்னால் என் தங்கச்சி சிரிக்கிறாள். என் மகனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்து, மாப்பிள்ளை பெயர் வருவதற்குள் பந்தி முடிந்துவிடும்.

இத்ரீஸ் இங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் அங்கே அவன் ஊரில் சண்டை தொடங்கியது. எல்லையில் நடக்கிற சண்டை இல்லை. கார்த்தூம் நகரத்துக்குள்ளேயே, குடியிருப்புத் தெருக்களில், மாடி வீட்டுக்கும் எதிர் மாடி வீட்டுக்கும் நடுவில். சல்வாவும் சின்ன மகள் ரீமும் பல மாதம் அதற்குள் இருந்துவிட்டு, பஸ்ஸிலும் லாரியிலும் எகிப்துக்குப் போய், அங்கே காத்துக் கிடந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வந்த அன்று எங்கள் சந்தே திரண்டுவிட்டது. சுடிதார், சேலை, பிஸ்கட், சக்கரம் கழன்ற மூன்றுசக்கர சைக்கிள். நானும் கடையிலிருந்து ஒரு டிபன் கேரியர் கொண்டுவந்தேன், ஏதோ டூர் போகிறவர்களுக்குக் கொடுப்பது மாதிரி. சல்வா எல்லாவற்றையும் நெஞ்சில் கைவைத்து வாங்கிக்கொண்டாள். பிறகு இத்ரீஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்: மூடி போட்ட பெரிய தண்ணீர் டிரம் ஒன்று கிடைக்குமா? ஜன்னலுக்குக் கறுப்புத் துணி? குளியலறைக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள்? அவளுக்குத் தைராய்டு மாத்திரை நின்று போய் வெகுநாளாகிறது, சீட்டு இல்லாமல் எந்தக் கடையில் தருவார்கள்? பெண்களுக்கு மாதா மாதம் வேண்டியதை அவன் வாயால் சொல்ல முடியாமல் போனில் எழுதிக் காட்டினான். அவள் வழியெல்லாம் தன் சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். சேலை என்கிறேன், அவர்கள் அதைத் தோப் என்கிறார்கள், உடம்பைச் சுற்றித் தலைக்குப் போட்டுக்கொள்கிற நீளத் துணி. எட்டு முழம் நூல் சேலை மாதிரிதான்.

நாங்கள் கொண்டுபோன ஒன்றும் அவள் கேட்டதில் இல்லை. அவள் கேட்ட ஒன்றும் எங்கள் புத்தியில் இல்லை.

ரீமைப் பள்ளியில் சேர்க்க நானும் போனேன். மேசையில் இருந்தவர் நல்ல மனுஷர், எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். "முன்பு படித்த பள்ளியின் டி.சி.?" என்றார். பள்ளி இல்லை என்றான் இத்ரீஸ். "சரி, அப்போ ஹெட்மாஸ்டர்கிட்டேர்ந்து ஒரு மெயிலாவது?" என்றார். இத்ரீஸ் மரியாதையாக, ஹெட்மாஸ்டரும் இல்லை சார் என்றான். அந்த மனுஷர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு, பிள்ளையை நாளைக்கே கொண்டுவாங்க, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

3

மாடிக்கு நான் முதலில் போனது ஒரு மழை நாளில், துணி எடுக்கப் போன சாக்கில். இரண்டு படுக்கையறை இருக்க, மெத்தைகள் மூன்றும் ஜன்னல் இல்லாத நடைவழியில் கிடந்தன. வாளி, குடம், குக்கர், நான் கொடுத்த டிபன் கேரியரின் நாலு அடுக்கு வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. கதவுக்குப் பின்னால் கட்டிய பை ஒன்று, தூக்கினால் கிளம்பிவிடலாம்.

கதவு ஆணியில் ஒரு கனத்த சாவிக்கொத்து. நம் வீட்டில் அத்தனை பூட்டு ஏது என்று நான் தொட்டுப் பார்த்தேன். சல்வா ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே பெயர் சொன்னாள். எல்லாம் ஆட்களின் பெயர். இத்ரீஸ் வந்துதான் விளக்கினான். தெருவிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக வெளியேறும்போது, இருக்கிறவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம்: செடிக்குத் தண்ணீர் விடு, பூனைக்குச் சோறு வை, நாலு நாளில் வந்துவிடுவோம். அந்த நாலு நாள் முடியவே இல்லை. வாங்கி வைத்தவர்கள் போகும்போது அடுத்தவர்களிடம் கொடுத்தார்கள். கடைசியில் முழுத் தெருவும் சல்வா வீட்டு ஆணியில் தொங்கியது.

"குண்டுச் சத்தத்தைவிட எனக்கு அந்த ஆணிதான் பயம். புதுசாக ஒரு சாவி ஏறும்போதெல்லாம் தெரு ஒரு வீடு சின்னதாகும்" என்று அவள் சொன்னதை அவன் மலையாளத்தில் சொன்னான். மனுஷர்கள் சொல்கிறதைச் சேர்த்து வைக்கிற பைத்தியம் எனக்குண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் கண்டக்டர் சொன்னது, கீரைக்காரி சொன்னது எல்லாம் மனசில் கிடக்கும்; நினைத்தால் சிரிப்பு வரும். இதைச் சேர்த்து வைக்க எனக்கு இடம் போதவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குக் கேட்டேன். ரீம் மலையாளம் பேசத் தொடங்கியிருந்தாள். என் மகன் கதையைச் சொல்லி, பிள்ளை உங்க பாஷையை மறந்துவிடுவாள், பார்த்துக்கொள் என்று நான் சல்வாவுக்குப் புத்தி சொன்னேன். அவள் தலையை அசைத்துச் சிரித்தாள். மறக்கட்டும் என்றாளாம். அரபியில் அந்தப் பிள்ளைக்குத் துப்பாக்கிகளின் பெயர் தெரியும், சத்தத்தை வைத்து எந்த விமானம் என்று சொல்லத் தெரியும். மலையாளத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பூ, பூனை, மழை. அந்த பாஷையிலேயே இருக்கட்டும் கொஞ்ச நாள்.

விமானம் என்ற வார்த்தையை அன்றைக்கே என் காதால் கேட்டேன். கேட்டதோடு சரி.

4

பொங்காலை பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். மாசி மாதத்தில் ஒருநாள், கோயிலைச் சுற்றி மைல்கணக்கில் எல்லாத் தெருவும் பெண்களுக்குத்தான். ரோட்டில் மூன்று செங்கல், புது மண்பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய். கடைத்தெருவில் சில நாள் முன்னாடியே செங்கல்லில் சாக்பீஸால் பெயர் எழுதி இடம் பிடித்துவிடுவார்கள். எங்கள் கடை வாசலில் எங்க வீட்டுக்காரர் எழுதுவது: செல்வி, ராதாமணி. வருஷா வருஷம் அதே இரண்டு பெயர்.

இந்த வருஷம் சேச்சிக்கு அது வெறும் வேண்டுதல் இல்லை. அவள் மகள் பிந்துவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து வயிற்றில் பிள்ளை, மாதம் நெருங்கிவிட்டது. ரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பானை வாங்கும்போது தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, கடைக்காரனை அழ வைத்துத்தான் வாங்கினாள். (பிந்து நல்லபடியாகப் பெற்றாள். உங்களை அந்தக் கவலையோடு நிறுத்தி வைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொல்கிற நாட்களில் அது எங்கள் யாருக்கும் தெரியாது.)

சல்வாவை நாங்கள் கூப்பிடவில்லை, அவள்தான் கேட்டாள். போன வருஷத்து போட்டோவை என் போனில் பார்த்துவிட்டுத் தன் போனில் ஒன்று காட்டினாள். தெருவோரம் பெரிய அண்டா, சுற்றிலும் தோப் கட்டிய பெண்கள், ஒருத்தி கையில் துடுப்பு மாதிரி கரண்டி. சண்டையில் கடைகள் அடைத்து, கேஸ் தீர்ந்த பிறகு, வீட்டுக்கு வீடு மிஞ்சிய பருப்பையும் மாவையும் ஒன்றாகப் போட்டு முழுத் தெருவுக்கும் சமைத்தார்களாம். இங்கும் அப்படித்தானே, நானும் வரட்டுமா என்று கேட்டாள். சேச்சி உடனே, "வரட்டு, வரட்டு, அம்மைக்கு எல்லாரும் மக்களாக்கும்" என்றாள்.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. புகையில் எல்லோருக்கும் கண்ணீர், ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பு. சல்வா தன் நீல தோப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காய்ந்த தென்னம்பாளையை முறித்து அடுப்பில் வைத்த விதத்தைப் பார்த்து, இவள் பழகிய கை என்று எல்லோரும் சொன்னார்கள். சேச்சியின் பானை பொங்கி வழிந்ததும் நாங்கள் குரவையிட்டோம், நம்ம ஊர்க் குலவைதான். அப்போது எங்கள் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல், கணீரென்று, நாக்கு சுழல்கிற அதே குரவை. சல்வா! அவர்கள் கல்யாண வீட்டிலும் இப்படித்தானாம். நாலு தெருப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேச்சி அவள் கன்னத்தில் கரி படிந்த கையால் தட்டி, "எடீ, நீ எங்க இருந்தாக்கும் இத்தன நாளும்!" என்றாள்.

மத்தியானம் நைவேத்தியத்துக்குக் காத்திருந்தோம். பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்தால்தான் பொங்காலை அம்மனுக்குச் சேர்ந்தது, பானையைத் தூக்கலாம். மற்ற அடுப்புகள் தணிந்துவிட்டன. சேச்சி மட்டும் பானையைக் கனல்மேல் விட்டுவிட்டு, பக்கத்து அடுப்பில் தெரளி இலையில் மாவைப் பொதிந்து செய்கிற தெரளி அப்பத்தை ஆவியில் வைத்திருந்தாள். சல்வாவிடம் புகையைச் சொன்னோம், வெயிலைச் சொன்னோம், ஒலிபெருக்கியைச் சொன்னோம். நைவேத்திய நேரத்தில் சின்ன விமானம் ஒன்று தாழப் பறந்து பூத்தூவும் என்பதைச் சொல்லவில்லை. ஒளித்து வைக்கவில்லை, அது எங்களுக்கு விமானமே இல்லை, பூ.

இரைச்சல் கேட்டது. தெரு முழுக்கப் பெண்கள் கைகூப்பி அண்ணாந்தார்கள், குரவை எழுந்தது. சல்வா அண்ணாந்து பார்க்கவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி முதலில் சேச்சியின் அடுப்பில் ஊற்றினாள். புதுப் பானை டப்பென்று பிளந்தது. அடுத்து என் அடுப்பு. பிறகு எதிரில் கைகூப்பி நின்ற சேச்சியின் கழுத்தைப் பிடித்துத் தரையில் அமுக்கி, அவள்மேல் குப்புற விழுந்தாள். தெரளிப் பாத்திரம் கவிழ்ந்து ஆவி எழும்பியது. சல்வா அரபியில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள்மேல் பூ விழுந்துகொண்டிருந்தது.

பாயசம் செங்கல்லுக்கு நடுவில் வழிந்து தார் ரோட்டில் போனது. தீர்த்தம் தெளிக்க வந்தவர் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றார், பிறகு அடுத்த பானைக்குப் போய்விட்டார். சேச்சி எழுந்து உட்கார்ந்தாள். முடியில் பூவும் சாம்பலும். பிளந்த பானையைப் பார்த்தாள். நான் சல்வாவைப் பிடித்துக் கடைக்குள் கொண்டுபோனேன். அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. ரீம் அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருந்ததற்கு நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

5

அன்று சாயங்காலம் இத்ரீஸ் கீழே வந்து எங்கள் சமையலறை வாசலில் உட்கார்ந்து மீதியைச் சொன்னான். போட்டோவில் கரண்டியோடு நின்றவள் சல்வாவின் தங்கை. விறகு தீர்ந்தபோது, இடிந்த வீடுகளின் கதவுகளைப் பெயர்த்து எரித்திருக்கிறார்கள். எந்த வீட்டுக் கதவு எரிகிறதோ அந்த வீட்டுச் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் மத்தியானம் விமானம் வந்தது. புகையைப் பார்த்துத்தான் வந்தது என்று தெருவில் எல்லோரும் நம்பினார்கள். சல்வா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வாளியோடு திரும்பி வந்தபோது அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம்.

எங்க வீட்டுக்காரர் எழுந்து போய் டிவியை அணைத்தார்.

இதைச் சேச்சியிடம் நான் சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா? ஆனால் நான் போன நேரம், பிந்துவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக போன் வந்த நேரம். அழுத்தம் ஏறிவிட்டது, கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். சேச்சி பூஜை அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவம்தான். எனக்குத் தெரியாதா பாவம்னு? ஆனா எனக்க பானை பொட்டிப் போச்சு செல்வி. அதுக்கு நான் யாருக்கிட்டப் போகட்டும்?" என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரியின் அம்மாவிடம் பானை வெறும் மண்தான் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. என் அடுப்பும் அணைந்ததுதான், எனக்கும் அது அபசகுனமாகத்தான் பட்டது.

அடுத்த நாள் சல்வா இரண்டு தடவை சேச்சி வீட்டு வாசலுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. தண்ணீர் வாளியை அவள் இடது கையால் தூக்கிப்போவதைப் பார்த்தேன். நடுக்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ரீமின் பள்ளி விழா ஒன்றுக்காக மூவரும் கிளம்ப, மாடி வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினார்கள். இத்ரீஸ் ஒப்பந்தத்தையும் எடுத்து வந்திருந்தான். தங்கும் அனுமதியை நீட்டிக்க அந்த வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், வீட்டுச் சொந்தக்காரியின் கையெழுத்து இல்லாமல் வாங்கமாட்டார்கள். வேறு வீடு பார்க்கலாமே என்பீர்கள். வெளிநாட்டுக்காரருக்கு வீடு கொடுத்தால் போலீஸ் பதிவு, அது இது என்று நாலு வேலை. அவன் முன்பு ஏறி இறங்கிய வாசல்களின் கதையை நான் கேட்டிருக்கிறேன். பாண்டிக்காரி எனக்கு அந்தக் கதை புதிதும் இல்லை.

சேச்சி கீழே காத்துக்கொண்டு நின்றாள்.

6

"சாவியை இங்க தரச் சொல்லு."

நான், "சேச்சி, அந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு இவங்க எங்க போவாங்க?" என்றேன். சேச்சி என்னைப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

சல்வாவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. நீட்டிய கை என்ன கேட்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளிடம் சாவி வந்த கதைகள்தான் உண்டு, கொடுத்த கதை இதுவரை இல்லை. ரீமைத் தன் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு இரண்டு படி இறங்கினாள். தோப்பின் முந்தியில் முடிந்து வைத்திருந்த சாவியை அவிழ்த்தாள். இடது கையால் கொடுப்பது மரியாதை இல்லை என்பது அவர்கள் ஊரிலும் உண்டு போல. வலது கைக்கு மாற்றிக்கொண்டு நீட்டினாள்.

துணி விலகியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, சட்டைக் கையின் நூல் அதோடு ஒட்டிக் கிடந்தது.

வாளி என் கையிலிருந்து கீழே விழுந்தது. தெரளிப் பாத்திரம் கவிழ்ந்ததை நான் பார்த்தேனே. அந்தக் கொதி தண்ணீர் எங்கே போனது என்று மூன்று நாளாக எங்களில் ஒருத்தியும் யோசிக்கவில்லை. சேச்சியின் தலைக்கு மேலே அணைத்துப் பிடித்திருந்த கை அது. சேச்சியின்மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று நான் இத்ரீஸைக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மலையாளத்தில் சொன்னான்: "காட்டக் கூடாதுன்னு சொன்னா. மன்னிப்பு கேக்கப் போற இடத்துல இதைக் காட்டினா, கூலி கேக்கற மாதிரி ஆயிடும்னு சொன்னா."

சேச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவள் போன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்தாக இருக்கலாம். அதற்குக்கூட அவள் திரும்பவில்லை.

பிறகு, விரலில் விரல் படாமல், சாவியை மட்டும் மெதுவாக எடுத்துக்கொண்டாள். இத்ரீஸின் கையிலிருந்த காகிதத்தையும் உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். முட்டிவலி வந்த பிறகு அவள் அந்த மாடிப்படியில் கால் வைத்ததே இல்லை. கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்க ஏறினாள். அவள் பின்னாலேயே நாங்களும் ஏறினோம். மேலே போனதும் பூட்டில் சாவியைப் போட்டுத் தன் கையாலேயே கதவைத் திறந்தாள். உள்ளே நடைவழியில் கிடந்த மெத்தைகளையும், நிரம்பி நின்ற பாத்திரங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சல்வா உள்ளே போக வழிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.